தோக்கியோ மேடையில் ஒரு முகம்

தோக்கியோ புகையிரத நிலையத்தின் 18, 19ஆம் மேடையில் தென்கோடிவரை நடப்போர் சிலரே. அங்கே புடைப்புச் சிற்பமாய் ஒரு முகம் இருக்கின்றது. அது சிஞ்சி சோகோவின் முகம்.

ஒடுங்கிய பழைய பாதையை விட்டு, ஒசாக்காவரை 515 கிலோமீற்றருக்கு அகலமான புதுப்பாதை அமைக்கத் துணிந்தவர் அவர். யப்பானிய தேசிய புகையிரதச் சேவையின் தலைவர். உண்மைச் செலவைச் சொன்னால் அரசு இணங்காதென்று தொகையைக் குறைத்தே காட்டினார். 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டொலர் கடனும் பெற்றாயிற்று. கடன் பட்டபின் அரசு பின்வாங்குமா? தந்திரந்தான், நேர்மையென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

செலவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1963இல் சோகோ பதவியிழந்தார். தலைமைப் பொறியியலாளர் ஹிதேயோ ஷிமாவும் உடன் விலகினார். 1964 ஒக்ரோபர் 1ஆந் திகதி காலை, மணிக்கு 210 கிலோமீற்றர் ஓடவல்ல முதல் வண்டி புறப்பட்டபோது மேடையில் அவ்விருவரும் இல்லை. ஷிமா தம் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டிருந்தார்.