நம்ம கடலின் கடைசியில் ஒரு தீவு

"கடற்கரை ஊராச்சே, தினமும் பீச்சுக்குப் போவீங்களா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். அதிராம்பட்டினத்தில் கடல் இருக்கிறது. பீச் இல்லை. உப்பளம், சேறு, அலையாத்திச் செடிகள் எல்லாவற்றையும் தாண்டித்தான் தண்ணீர். கால் வைத்தால் புதையும். மீன் வாங்கக் கரைப்பக்கம் போவோமே தவிர, குளிக்கப் போவதில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த ஊரிலேயே வளர்ந்தும் கடலில் நனைந்ததே கிடையாது.

பிப்ரவரியில் என் கணவர் துபாயிலிருந்து லீவில் வந்தார். இரண்டு வருடம் கழித்து, 40 நாள். மகனுக்கு 11 வயது, அவனுக்கு அப்பாவைத் தெரியும். சின்னவளுக்கு 5. அவளுக்கு அவர் 'போன் வாப்பா'. வீடியோ காலில் முத்தமாகக் கொடுப்பாள்; நேரில் கை நீட்டினால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒரு வாரமாகியும் அப்படியே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி வந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருப்பார்.

விருந்து, கல்யாணம் என்று பத்து நாள் பறந்துவிட்டது. "மாலத்தீவு போலாமா?" என்றார். சின்னவளுக்கு பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. செலவைக் கேட்டால் அவருடைய மூன்று மாதச் சம்பளம்.

"தீவுதானே வேணும்? நம்ம ரோட்டுலயே நேரா போனா வருதுங்க" என்றேன்.

உண்மைதான். எங்கள் ஊர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் மல்லிப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், அப்புறம் பாம்பன் தீவு. காரில் நாலு மணி நேரம் பிடிக்கும். ரயில்தான் வேண்டுமென்றால், 2025 ஏப்ரலில் விட்ட தாம்பரம் - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகத்தான் போகிறது. ராத்திரி ரயில் என்பதால் சின்னப் பிள்ளைகளோடு நாங்கள் அதை யோசிக்கவில்லை.

முதல் நிறுத்தம் மனோரா. சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் எட்டடுக்குக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-ல் கட்டியது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் பக்கத்தில் ஏன் கோபுரம் என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. இந்தக் கடலின் இன்னொரு பெருமையையும் சொன்னேன்: தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அதுதான். அலையில்லாத கடலாக இருப்பதால்தான் அடியில் கடல்புல் வளர்கிறது. அதை மேயத்தான் அது வருகிறது. எங்கள் ஊர்ச் சேற்றுக் கடலைக் குறை சொன்ன எனக்கே அன்றுமுதல் கொஞ்சம் மரியாதை.

தொண்டியைத் தாண்டினால் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக்காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். முத்துப்பேட்டை காட்டைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் நாங்கள் நிறுத்தவில்லை. மற்றவர்கள் விட்டுவிடாதீர்கள்.

ராமநாதபுரம் தாண்டி, உச்சிப்புளிக்குப் பக்கம் அரியமான் கடற்கரை. பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்கமுடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதுவும் எங்கள் பாக் விரிகுடாதான். ஆனால் இங்கே சேறில்லை, மணல். பின்னால் சவுக்குமரங்கள். தண்ணீர் குளம்போல் நிற்கிறது. மகன் ஓடிப்போய் விழுந்தான். சின்னவள் கரையில் நின்று அழுதாள். நான் புடவையோடு இறங்கத் தயங்க, அவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனார். பயத்தில் அவர் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரைக்கு வந்த பிறகும் பிடியை விடவில்லை. மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்றுதான் வைத்திருந்தோம்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது. அங்கிருந்து பார்த்தபோது 1914-ன் பழைய ரயில் பாலமும், நடுப்பகுதி லிப்ட்போல மேலே எழும்பும் 2025-ன் புதிய பாலமும் அடுத்தடுத்துத் தெரிந்தன. தீவை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண்கடல் என்றும், அலையடிப்பதை ஆண்கடல் என்றும் இங்கே சொல்கிறார்கள். "வீட்டுல தலைகீழா இருக்கே" என்றார் என்னைப் பார்த்து.

தங்குவதைப் பற்றி. பெரியவர்களோடு கோயிலுக்கு வருபவர்கள் ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே தங்குவது நல்லது. நடக்கும் தூரத்தில் எல்லா வாடகைக்கும் லாட்ஜ் உண்டு. கடலைப் பார்த்தபடி தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் இருக்கிறது. ஆடி, தை அமாவாசையை ஒட்டி வருவதானால் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். நாங்கள் பாம்பனில் ஒரு வீட்டு மாடியை இரண்டு நாளுக்கு எடுத்தோம். அடுப்பு இருந்தது, காலையில் கரைக்குப் போய் மீன் வாங்கி நானே குழம்பு வைத்தேன். விடுமுறையிலும் சமையலா என்று கேட்காதீர்கள். அவர் சாப்பிட்டதைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் இந்த வசதி குறையும்.

மறுநாள் குந்துகாலுக்குப் போனோம். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் கரையிறங்கிய இடம். அங்கிருந்து குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறைப் படகு உண்டு. அன்று காற்று அதிகம், படகு விடவில்லை. சின்னவளுக்கு ஏமாற்றம். "காத்து நின்னதும் போலாம்மா" என்று அவர் சமாதானம் சொன்னார். கரையில் பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த வீட்டில் கண்காட்சி இருக்கிறது. பேக்கரும்பில் நினைவிடம். சிறுவயதில் அவர் பத்திரிகை போட்டார் என்பது மட்டும்தான் என் மகன் மனதில் நின்றது.

கடைசியாகத் தனுஷ்கோடி. 2017-ல் சாலை போட்ட பிறகு அரிச்சல்முனைவரை காரே போகிறது. சாயங்காலத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். வழியில், கோதண்டராமர் கோயில் பக்கத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. முனையில் குளிக்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரே போனது; நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு ரயிலும் போனது. மிச்சமிருப்பது கூரையில்லாத தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும்.

அதற்குமுன் 50 வருடம் இங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல். என் உம்மாவின் வாப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கரையில்தான் இறங்கி ஊருக்கு வருவாராம். உம்மா அவரை முதலில் பார்த்தபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று அடுக்களைக்குள் ஓடிவிட்டாராம். இதைச் சொன்னேன். கணவர் இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குக் கப்பல், எனக்கு பிளைட்டு" என்றார். சின்னவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள், ஐஸ்கிரீம் வேண்டுமாம்.

மார்ச்சில் திருச்சியில் விமானம் ஏறிப் போய்விட்டார். இப்போதும் ராத்திரி போன் வருகிறது. சின்னவள் முத்தம் கொடுப்பதற்கு முன்னால் கேட்பது ஒரே கேள்விதான்.

"காத்து நின்னுடுச்சா வாப்பா?"