யு-வா, ஆர்-ஆ?

திங்கள்

தை பிறந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் இருக்கும் அந்த டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை ஆர்டர்கள் வந்து குவிகின்றன. கடை நடத்தும் பெண்மணிக்குக் கணினிதான் தொல்லை. ஒரு பெரிய படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பிரவுசர் பக்கம் போனால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. செகண்ட்ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 அது; 2012-இல் வந்த மாடல், உள்ளே ஐ5 3470. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் விஷயத்தைச் சொல்லிவிட்டது: மொத்தம் 4 ஜிபி, வேகம் 1333, நான்கு ஸ்லாட்டுகளில் இரண்டு காலி.

புதுசாகவே வாங்கிவிடச் சொல்கிறார்கள் தெரிந்தவர்கள். ப்ராசஸர் திடமாக ஓடும் கணினியை, மெமரி போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழித்துக்கட்டுவது பெரிய வீண்.

செவ்வாய் இரவு

பெங்களூரில் சர்வர் பராமரிக்கும் தம்பி, கழித்துவிட்ட சர்வர் ஒன்றிலிருந்து கிடைத்த இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகளைப் பொங்கலுக்கு வந்தபோது கொடுத்துப் போயிருந்தான். "இதுவும் டிடிஆர்3தான், போட்டுப் பாருக்கா" என்றான். 240 பின், நடுப்பள்ளமும் அதே இடத்தில். ஸ்லாட்டில் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பழைய ஸ்டிக்குகளைத் திரும்பப் போட்டதும் கணினி எழுந்துகொண்டது.

இந்த இடத்தில்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். தலைமுறை மாறினால் பள்ளம் இடம் மாறும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. ஆனாலும் ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் திணிக்க முடியாது. மெமரித் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு செய்துவைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஒரே டிடிஆர்3-க்குள் சர்வர் ஸ்டிக்குக்கும் மேசைக் கணினி ஸ்டிக்குக்கும் பள்ளம் ஒன்றே. சர்வர் ஸ்டிக்கின் நடுவில் ரிஜிஸ்டர் என்றொரு சிப் உண்டு. முகவரிகளையும் கட்டளைகளையும் முதலில் அது வாங்கி, பிறகே மற்ற சிப்புகளுக்கு அனுப்பும். ஐ5-க்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு இந்த இடையாளோடு பேசத் தெரியாது. டிடிஆர்5-இல் இந்த இரண்டு வகைக்கும் பள்ளத்தையே வேறாக்கிவிட்டார்கள். அதை முன்பே செய்திருக்கலாம்.

வியாழன்

மதியம் வேலை குறைந்த நேரத்தில் இரண்டு வகை ஸ்டிக்குகளையும் மேசையில் வைத்து லேபிளைப் படிக்கிறார். தம்பி கொடுத்ததில் '2ஆர்எக்ஸ்4 பிசி3-12800ஆர்'. கணினியில் இருந்ததில் 'பிசி3-10600யு'.

படிக்கப் பழகினால் எல்லாமே அதில் இருக்கிறது. பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது நொடிக்கு எத்தனை மெகாபைட் போகும் என்ற கணக்கு. அதை 8-ஆல் வகுத்தால் 1600 என்ற வேகம் வரும். 10600 என்றால் 1333. கடைசி எழுத்துதான் முக்கியம்: யு சாதாரண மேசைக் கணினிக்கு, எஸ் லேப்டாப்புக்கு, ஆர் சர்வருக்கு, ஈ பிழை திருத்தும் ஈசிசி வகைக்கு. லேபிள் கிழிந்திருந்தால் சிப்பை எண்ணலாம். சாதாரண 8 ஜிபி ஸ்டிக்கில் பக்கத்துக்கு 8 சிப். ஒன்பதாவது தென்பட்டால் அது ஈசிசி.

7010-க்கு உச்ச வரம்பு 32 ஜிபி, ஸ்லாட் நான்கு. ஆக ஒரு ஸ்லாட்டுக்கு 8. டிடிஆர்3-இல் ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்கை யாராவது மலிவாக நீட்டினால், அது சர்வரிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

சனி

மவுண்ட் ரோட்டைத் தாண்டினால் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெரு. புது மெமரியின் விலை ஏறிக்கிடக்கும் காலம் இது. ஏஐ தரவு மையங்களின் தேவையைக் காரணம் காட்டி, நுகர்வோருக்கான க்ரூஷியல் விற்பனையிலிருந்தே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. பழைய ஸ்டிக் விற்கும் கடைகளில் கூட்டம் நெருக்குகிறது.

"எந்த போர்டுக்கா? இன்டெலா, ஏஎம்டியா?" கடைப் பையனின் முதல் கேள்வியே சரியான கேள்வி. ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் டிடிஆர்3 ஸ்டிக்குகளும் மலிவு விலையில் சுற்றுகின்றன. இன்டெலில் போட்டால் கணினி எழாது.

"இன்டெல்தான் தம்பி. 8 ஜிபி ரெண்டு, 12800 யு. ஒரே ஜோடியா இருக்கணும்."

அவன் எடுத்துவைத்ததில் 'பிசி3எல்' என்று இருந்தது. அந்த எல், 1.35 வோல்ட்டிலும் ஓடும் என்பதற்கான குறி. டிடிஆர்3-க்கு வழக்கமான 1.5 வோல்ட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளும். கடையிலேயே ஒரு போர்டில் போட்டுக் காட்டினான், மாற்றித் தருவதாக பில்லில் எழுதியும் கொடுத்தான். தம்பி கொடுத்த ஆர் ஸ்டிக்குகளைப் பற்றியும் கேட்டார் அக்கா. "தூக்கிப் போட்டுடாதீங்க, ஸியான் சர்வர் போர்டு வச்சிருக்கறவங்க தேடி வருவாங்க."

ஞாயிறு

பழைய 2 ஜிபி ஜோடியைக் கழற்றியாகிவிட்டது. கூடவே விட்டால் அவற்றின் 1333-க்கே எல்லாம் இறங்கிவிடும். புது ஜோடி ஆளுக்கொரு சேனலில் உட்கார்ந்திருப்பதால் இரண்டும் சேர்ந்து நொடிக்கு 25.6 ஜிபி வரை போகும். சிபியு-இசட் 'டூயல்' என்று காட்டுகிறது. இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓடியது, பிழை பூஜ்யம். காலையில் பத்திரிகை டிசைன், எட்டு போட்டோ, பிரவுசர் எல்லாம் ஒன்றாகத் திறந்தும் கணினி தடுமாறவில்லை.

இரண்டு ஸ்லாட் இன்னும் காலி. ஆவணி முகூர்த்தத்துக்குள் அதே 12800 யு-வில் இன்னொரு ஜோடி எடுத்துவைக்கும்படி ரிச்சி தெருப் பையனிடம் சொல்லிவிட்டார்.