பெயர்ப்பட்டியலுக்கும் பூட்டு வேண்டும்

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு இன்னமும் சோதனைச்சாவடியும் பங்கரும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கணினித்துறையில் இருப்பவர்கள் அதே சொல்லை வேறொரு பொருளில் பேசுகிறார்கள். அது கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளின் விடயம், நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது.

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் குழுக்களோடு நான் வேலை செய்கிறேன். கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் உறவினரின் லயத்துக்கே வந்து சேர்ந்த சகோதரிகளும் இக்குழுக்களில் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகக் கணினியில் இருப்பது அவர்களுடைய விபரங்கள்தான். கணவனை இழந்தவர் யார், காணாமல்போன மகனைத் தேடுபவர் யார், பெண்பிள்ளைகளோடு தனியே இருப்பவர் யார் என்பதெல்லாம் அதில் உண்டு. முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன.

பட்டியல் ஒன்று தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அது காகிதம். இன்றைய பட்டியல் ஒரு நொடியில் கடல் கடந்தும் போய்விடும்.

சென்ற வருடம் எங்கள் அலுவலகத்துக்கு இணையத் தொடர்பு பொருத்த வந்தவர் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் தொழில்நுட்ப நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, வர்றவங்க போறவங்க எல்லாத்துக்கும் ஒரே வைஃபைய குடுக்காதீங்க. லிஸ்ட் இருக்கிற கம்பியூட்டர தனியா வைப்போம்" என்பதுதான். பட்டியலுள்ள கணினி தனி இணைப்பில், வருபவர்களின் போன்கள் வேறு இணைப்பில். இது லயத்தில் அறைக்கு அறை சுவர் வைப்பது போன்றது. ஒரு அறையில் தீப்பிடித்தாலும் மற்ற அறை தப்பும்.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு ஒரு உதாரணம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 951 மில்லியன் டொலரை எடுக்க முயன்றார்கள். வேலை கேட்டு எழுதுபவர்போல மின்னஞ்சல் அனுப்பி, அதைத் திறந்த ஊழியர்கள் வழியாக முன்பே அவர்கள் உள்ளே நுழைந்திருந்தார்கள். அந்த வங்கியில் தடுப்புச் சுவர் இருக்கவில்லை என்றும், பத்து டொலர் பெறுமதியான பழைய கருவிகளால் கணினிகளை இணைத்திருந்தார்கள் என்றும் பங்களாதேஷ் பொலிஸ் விசாரணையாளர் கூறினார்.

அந்தப் பணத்தில் 20 மில்லியன் டொலர் வந்தது நமது இலங்கைக்குத்தான். அதுவும் ஷாலிகா என்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு! ஆங்கிலத்தில் 'பவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த டொய்ச் வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது; பணம் நின்றது. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதி திரும்பவில்லை. கோடிக்கணக்கான பணத்தைக் காப்பாற்றியது, 'இது சரியா?' என்று நின்று கேட்ட ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்க நமக்குப் பட்டம் தேவையில்லை. "அஸ்வெசும பணம் வந்திருக்கு, போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்க" என்று யாராவது பேசினால் சொல்லாதீர்கள். வங்கி ஒருபோதும் அந்த இலக்கத்தைக் கேட்பதில்லை. குழுவின் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று செய்தி வந்தால், உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த இலக்கத்துக்கு அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பட்டியலின் பிரதியொன்றைத் தனியே எடுத்துப் பூட்டி வையுங்கள். 2023 இல் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையே தாக்கப்பட்டபோது, பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்துபோயின. அரசாங்கத்துக்கே அந்த நிலையென்றால் நாம் எம்மாத்திரம்?

சகோதரிகளே, நிவாரணத்துக்கென்றும் ஆய்வுக்கென்றும் எத்தனையோ பேர் உங்களிடம் படிவங்களை நிரப்பிக்கொண்டு போயிருப்பார்கள். இனி யார் வந்தாலும் பேனாவை எடுக்குமுன் கேளுங்கள்: "இதை எங்கே வைப்பீர்கள்? யார் யார் பார்ப்பார்கள்? வேலை முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்றே நமது நாட்டில் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. உதவி கேட்டு வந்தவர் என்பதற்காக உங்கள் கதையும் மற்றவருடைய சொத்தாகிவிடாது. என்னிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்வது என் கடமை.