தங்கசாலை: தெற்கிலிருந்து வடக்கே

சென்னையின் தங்கசாலைத் தெருவில் அண்ணாந்து பார்த்தபடி நடப்பது லேசான காரியமல்ல. கொஞ்சம் அசந்தால் மீன்பாடி வண்டி இடித்துவிடும். "ஓரம் போப்பா" என்ற குரல் அதற்குப் பிறகுதான் வரும். ஆனால் இங்கே பழமை மிச்சமிருப்பது மாடியில்தான். கீழே ஷட்டரும் விளம்பரப் பலகையும். மேலே மரத்தூண், சுண்ணாம்புக் காரையில் பூவேலை, அதன் வெடிப்பில் ஓர் அரசங்கன்று.

தெற்கு முனை பூங்கா நகர். சற்றுத் தள்ளி, கும்பினி வணிகர் ஆலங்காத்த பிள்ளை கட்டியதாகச் சொல்லப்படும் ஏகாம்பரேஸ்வரர் கோயில். கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் இடிக்கத் தொடங்க, 1749இல் கோட்டையை மீட்ட ஆங்கிலேயர் மிச்சத்தையும் தரைமட்டமாக்கினார்கள். அங்கிருந்து வெளியேறிய சனம் குவிந்த பேட்டைகளில் ஒன்றுதான் இந்தத் தெரு இருக்கும் பெத்தநாயக்கன்பேட்டை.

சௌகார்பேட்டையை ஊரார் தின்றே அறிவார்கள்: ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச். அதைத் தாண்டுவோம்.

மேற்கே யானைக்கவுனி. ஐதர் அலிக்குப் பயந்து, 1770ஐ ஒட்டி பால் பென்ஃபீல்டு கட்டிய மதிலின் வாசல் அது. மதில் செலவுக்கு மக்களிடம் வரி வாங்க நினைத்தார்கள், வசூலாகவில்லை. வால்டாக்ஸ் சாலை என்ற பெயர்தான் மிச்சம். இன்று இங்கே மதிலும் இல்லை, வாசலும் இல்லை. ஆனால் திருமலை பிரம்மோற்சவ சமயத்தில் ஒரு நாள் மட்டும் வாசல் அங்கேயே நிற்பதுபோல ஊர் நடந்துகொள்ளும். சென்னகேசவப் பெருமாள் கோயிலில் புறப்படும் திருப்பதிக் குடைகள் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, பைராகி மடம் என்று சுற்றி வரும். மத்தியானத்திலிருந்தே ஒரே கேள்வி: "குடை கவுனி தாண்டிடுச்சா?" அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடுவார்கள் பெண்கள். கேபிள் ஒயரில் சிக்காமல் இருக்க, தூக்குபவர் வெண்பட்டுக் குடையைச் சாய்த்து, குனிந்து, மறுபக்கம் நிமிர்த்துவார். "கோவிந்தா" என்ற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காது. அங்கிருந்து திருமலைக்கு நடை.

குடை பார்த்த அந்தத் திண்ணைகளும் மாடங்களும்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன. சொந்தக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பாகஸ்தர்கள்; சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை; குடோன் வாடகையோ கொழுக்கிறது. பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டும் நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

வடக்கே, 1840களில் கோட்டையிலிருந்து இடம்பெயர்ந்த நாணயசாலை. 1869இல் மூடப்பட்டு, பிற்பாடு அரசு அச்சகமானது. பக்கத்து ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த வள்ளலார் பெயர்தான் பேருந்து நிலையத்துக்கு. ஆனால் நடத்துநர் கூவுவது "மின்ட்". 1948இல் எழுந்த மணிக்கூண்டோடு தெரு முடிகிறது.

பாதுகாப்புப் பட்டியல் என்றால் கோட்டையும் கோயிலும் மட்டும் போதாது. முகப்பை இடிக்காமல் வைத்திருக்கும் வீட்டுக்குச் சொத்துவரியில் சலுகை என்றால் பாகஸ்தர்கள் ஒருமுறையாவது யோசிப்பார்கள். மாநகராட்சி அதிலிருந்து தொடங்கட்டும்.