பொச்சாவாமை

நாகபுரித் தீட்சா பூமியில் காலைப் பொழுதுகளில் சிலர் கண்மூடி அமர்ந்திருப்பதை நெடுங்காலமாகக் கண்டு வருகிறேன். 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் பௌத்தம் தழுவிய இடம் அது. எண்ணம் எழும்போதே அதனை அறிந்துகொள்ளும் மனவிழிப்பைப் பௌத்தர் நற்கடைப்பிடி என்பர். துறவியர்க்குரிய அப்பயிற்சி குடும்பத்தானாகிய எனக்கு எதற்கு என்றே இருந்தேன். என் வீட்டு வாசலில் நிகழ்ந்த ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றியது.

1979-ஆம் ஆண்டு வேலையேற்று இந்நகருக்கு வந்தபோது வாடகைக்கு அறை தேடி அலைந்தேன். வீட்டுக்காரர் ஒருவர் என் கரிய நிறத்தை ஏற இறங்கப் பார்த்து, “மதராசியா?” என்று வினவினார். பிறகு, “அறை வேறொருவருக்குப் பேசி முடிந்துவிட்டது” என்றார். வாடகைக்கு அறை உண்டு என்னும் பலகையோ அவர் தலைக்கு மேலேயே தொங்கிக் கொண்டிருந்தது.

ஆண்டுகள் பல சென்றன. சொந்த வீடும் அமைந்தது. ஒரு மாலை, ஆப்பிரிக்க நாடொன்றிலிருந்து படிக்க வந்த இளைஞர் எங்கள் மாடி அறையைக் கேட்டு வந்தார். அன்றிரவு சங்க விழாவில் கணியன் பூங்குன்றனாரைப் பற்றி நான் உரையாற்ற வேண்டும்; குறிப்புத் தாள் கையில் இருந்தது. அவர் முகத்தைக் கண்டதும் என் நா, “அறை வேறொருவருக்குப் பேசி முடிந்துவிட்டது” என்றது. அவர் தலைவணங்கிச் சென்றார். நான் மேடையேறி, உலகினர் அனைவரையும் உறவாகக் கண்ட தமிழனின் பெருமையை முழங்கினேன். கைதட்டலும் பெற்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எண்ணிச் சொன்ன சொற்களாயின் அவற்றைத் தீமை என்று விலக்கலாம். அவையோ எண்ணாமலே வந்தவை. ஒரு காலத்தில் என்னைச் சுட்ட சொற்கள், என் வாயிலேயே குடிபுகுந்திருந்தன.

பின்னர் ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பின அமெரிக்கரின் வரலாற்றைப் படித்தேன். அவர் 1953 முதல் 1956 வரை இதே நாகபுரியில், ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றியவர். காந்தியடிகளின் வழியை இங்கிருந்து கற்றவர். நாடு திரும்பியபின், நாஷ்வில் நகரில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாணவரைப் பயிற்றுவித்தார். சிலர் வெள்ளையராக நடித்து ஏசுவர்; நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவர். மற்றவர் தம்முள் எழும் சினத்தையும் அச்சத்தையும் கண்டு, கைநீட்டாமல் அமர்ந்திருக்கப் பழகுவர். 1960 பிப்ரவரி 13 அன்று அம்மாணவர்கள் நிறவேற்றுமை காட்டிய உணவகங்களில் சென்று அமர்ந்தனர். அடியும் சிறையும் கண்டனர். மே 10 அன்று அந்நகரக் கடைகள் கறுப்பின மக்களுக்கும் உணவு பரிமாறத் தொடங்கின. லாசன் 2024-இல் மறைந்தார். மனவிழிப்பு ஊருக்கும் பயன்படும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இழிவு செய்யப்பட்டவர்க்கே அத்துணைப் பயிற்சி வேண்டியிருந்ததெனில், இழிவு செய்த எனக்கு எவ்வளவு வேண்டும்!

அதற்குரிய சொல் நம்மிடமே இருக்கிறது. திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மறதியின்மை என்பது பொருள். மிகுந்த சினத்தினும், மிகுந்த உவகையால் வரும் மறதி தீயது என்றே வள்ளுவர் அதனைத் தொடங்குகிறார். இளமையில் மனப்பாடம் செய்தபோது இது விளங்கவில்லை. தொன்மையைப் பேசிப் பெறும் களிப்பும் அத்தகைய உவகையே. என் மேடைப் பெருமிதம், வாசலில் நின்ற மனிதரை மறக்கச் செய்தது. மரபைப் போற்றுதல் என்பது அதனைப் புகழ்வது மட்டுமன்று. அது கூறும் கடமையை, உரிய நொடியில் மறவாதிருப்பதே.

மறுநாள் அவ்விளைஞரைத் தேடிச் சென்றேன். நான் பொய் சொன்னேன் என்பதை ஒப்புக்கொண்டேன். “வேறு அறை கிடைத்துவிட்டது, ஐயா” என்றார் அமைதியாக. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.

இப்போது வாசலில் அழைப்புமணி ஒலித்தால், கதவின் தாழில் கைவைத்து ஒரு மூச்சளவு நிற்கிறேன். உள்ளே எழுவது என்ன என்று பார்த்துவிட்டே கதவைத் திறக்கிறேன்.