மல்லம்மா மலையில் ஒரு நாள்

திருப்பதியில் தரிசனம் முடிந்ததும் லட்டுப் பையோடு பஸ் ஏறுவதுதான் நம்மவர்கள் வழக்கம். இம்முறை அம்மா மறுத்துவிட்டார். "கியூவுல நின்னு கால் மரத்துப்போச்சு. 'ஜருகண்டி' சொல்ல ஆளில்லாத இடத்துல ஒரு நாள் உட்காரணும்."

தக்காளி மண்டிக்குப் பேர்போன மதனப்பள்ளியிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ஹார்ஸ்லி ஹில்ஸ். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மலை. உயரம் 4,000 அடிக்குச் சற்று மேல். வளைவுக்கு வளைவு ராயலசீமை வெயில் குறைகிறது. யூகலிப்டஸ் வாசனை கூடுகிறது.

கடப்பா கலெக்டர் டபிள்யூ.டி. ஹார்ஸ்லி 19ஆம் நூற்றாண்டில் வெயிலுக்குத் தப்பி இங்கே பங்களா கட்டினார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. உள்ளூர்க்காரர்களுக்கோ இது ஏனுகு மல்லம்மா கொண்டா. யானைகள் வளர்த்த மல்லம்மா, மலைவாசிகளின் நோய் தீர்த்து, ஒரு நாள் மறைந்துபோனாள் என்பது கதை. கலெக்டருக்கு மலை, அவளுக்குச் சிறு கோயில்.

விடுதியில், பார்க்க வேண்டிய இடங்களைச் சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. வராந்தாவில் நாற்காலியை இழுத்துப்போட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்தார்.

இருட்டுவதற்குள் கோயிலுக்குப் போனோம். மல்லம்மா முன் அம்மா நெடுநேரம் நின்றார். "போகலாமா?" என்றேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வீட்டிலும் தினமும் ஜருகண்டி சொல்வது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே போய்க் காத்திருந்தேன்.