சாப்பர் ஆசை
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

சாப்பர் என்றதும் நம்ம ஹாஸ்டலில் முக்கால்வாசிப் பேர் ஹெலிகாப்டரைத்தான் நினைப்பீர்கள். நான் சொல்வது தரையில் ஓடுவது. எட்டி நிற்கும் முன்சக்கரம், நீண்டு சரிந்த ஃபோர்க், தூக்கிக் கட்டிய ஹேண்டில்பார், நிலக்கடலை மாதிரி ஒரு குட்டி டேங்க். அந்த மோட்டார் சைக்கிளின் படத்தை ரிக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது!

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள், ஹார்லி டேவிட்சனில் மட்கார்டு முதல் வேண்டாததையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். கனம் குறைந்தது, வேகம் கூடியது. பிற்பாடு வந்தவர்கள் வண்டியின் கழுத்தையே அறுத்துச் சாய்த்து ஒட்டினார்கள். வெட்டியதால் வந்த பெயர்தான் சாப்பர். நம்ம ஊர்ப் பழக்கம் நேர் எதிர். இடிந்தகரையிலிருந்து மீன் கொண்டுவரும் டி.வி.எஸ்.ஸைப் பாருங்கள். பெட்டி, கொக்கி, தராசு, டியூப் கயிறு என்று சேர்த்துக்கொண்டேதான் போவோம். வெட்டுகிற பேச்சே கிடையாது.

சாப்பரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படம். அந்த வண்டிகள் போலீஸ் ஏலத்தில் எடுத்த பழைய ஹார்லிகள். அவற்றை உருவாக்கிய பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயர் இல்லை. பட்டறைக்காரன் பெயர் எந்த ஊரிலும் வெளியே தெரியாது போலிருக்கிறது!

என்னிடம் இருப்பது ஹார்லி அல்ல, மாமா கொடுத்த 1984 மாடல் புல்லட் 350. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்த வண்டி. 346 சி.சி., போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உதைப்பதற்கு முன் அம்மீட்டர் முள்ளைப் பார்க்கணும், டீகம்ப்ரஸரை அமுக்கணும், கிக்கரை மெதுவா இறக்கணும், அப்புறம்தான் ஒரே மிதி. அவசரப்பட்டால் திருப்பி உதைக்கும், கணுக்கால் போய்விடும். சாவியைத் தரும்போது மாமா சொன்னது இதுதான்: "ஏல மருமவனே, ஓட்டு, கழுவு, கழத்தி மாட்டு. அறுக்க மட்டும் செய்யாதல."

மாமாவுக்கு என் ரிக்கார்டு நோட்டு எப்படித் தெரிந்ததோ!

அறுப்பது பெரிய வேலை இல்லை. நமக்குத்தான் ஹாக்ஸாவும் ஆர்க் வெல்டிங்கும் முதலாம் ஆண்டிலேயே பழக்கமாச்சே. கணக்குதான் யோசிக்க வைத்தது. ஃபோர்க் சுழலும் அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். அதற்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். சக்கர ஆரம் 330 மி.மீ., ஆஃப்செட் 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டு போட்டேன். 27 டிகிரி சாய்வில் டிரெயில் சுமார் 101 மி.மீ. வருகிறது. 40 டிகிரி என்றால் 199! ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாலு வழிச்சாலையில் ரயில் மாதிரி நேராகப் போகும். வள்ளியூர் கடைவீதியில் மெதுவாகத் திருப்பினால் ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து விழும். ஃபோர்க் நீள நீள, கழுத்து வெல்டிங் தாங்கவேண்டிய வளைவு விசையும் கூடும். ஆடிக் காற்றில் காவல்கிணறு பக்கம் காற்றாலைகளைத் தாண்டி ஓட்டியவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டாம்.

சட்டமும் மாமா பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்னொன்றும் சொல்லணும். என் வண்டியின் சேஸிஸ் நம்பர் குத்தியிருப்பது அந்தக் கழுத்தில்தான். மாமா பெயரிலிருந்து என் பெயருக்கு மாறிய ஆர்.சி. புக்கில் இருப்பதும் அதே நம்பர். அதன் பக்கத்தில் ஹாக்ஸாவை வைக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்காக ஆசை போய்விட்டதா? போகவில்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓட்டிவருகிறவர்கள் காவல்கிணறைத் தாண்டும்போது இன்னமும் டீயை ஆறவிட்டு நிற்கிறேன். அதில் எப்போதாவது ஒரு நீண்ட ஃபோர்க் வந்தால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது.

ஒரு பழைய இரும்புக் கடையில் இன்ஜின் இல்லாத வெறும் ஃபிரேம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கிலோக் கணக்கில் விலை. அதன் கழுத்தை 40 டிகிரிக்குச் சாய்த்து, ஃபோர்க்கை நீட்டி, நம்ம துறைக் கண்காட்சியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தணும். ரோட்டுக்கு வராது, அதனால் ஆர்.டி.ஓ.வுக்கும் வேலை இல்லை. வெல்டிங் ராடு செலவைப் பங்குபோட நாலு பேர் வேண்டும். லேத்தில் கை பழகியவர்களுக்கு முன்னுரிமை. செய்தவர்கள் எல்லார் பெயரையும் டேங்கில் பெயிண்டால் எழுதிவிடலாம்.